தலைக்கவசக் கேமராவுக்கு ஏற்ற கேம்கார்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தலைக்கவசத்தில் பொருத்தும் புல்லட் கேமராக்களில் ஒரு வகைக்குத் தானே பதிவு செய்யும் வசதி கிடையாது. விரல் பருமனுள்ள அந்தச் சிறு குழல், தான் காணும் காட்சியைக் கம்பி வழியாக அனுப்பிவிடும். அதைப் பதிவு செய்வது முதுகுப்பையில் இருக்கும் கேம்கார்டரின் வேலை. தலையில் எடை ஏறாது என்பதால் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவிலுள்ள கெத்தாம் மிதிவண்டித் தடத்திலும் புக்கிட் தீமாவிலும் ஓட்டுபவர்களுக்கு இம்முறை நன்கு பொருந்தும். இத்தகைய கேமராவை வைத்துக்கொண்டு, அதற்கேற்ற பழைய கேம்கார்டரைத் தேடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: ஏவி-இன் இருக்கிறதா என்று பாருங்கள்

இது இல்லையென்றால் மற்ற எதுவும் பயன்படாது. பழைய கேம்கார்டர்கள் பெரும்பாலானவற்றில் காட்சியைத் தொலைக்காட்சிக்கு அனுப்பும் ஏவி-அவுட் இருக்கும். வெளியிலிருந்து வரும் காட்சியை ஏற்கும் ஏவி-இன் சிலவற்றில் மட்டுமே உண்டு. இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே துளைதான் என்பதால், வெளித்தோற்றத்தை வைத்து முடிவு செய்ய இயலாது. ஐரோப்பியச் சந்தைக்காகத் தயாரிக்கப்பட்ட பல மாடல்களில், சுங்கவரி காரணமாக இவ்வசதி முடக்கப்பட்டிருந்தது. ஆகவே ஒரே தோற்றமுள்ள இரு கருவிகளில் ஒன்று பதிவு செய்யும், மற்றொன்று செய்யாது. கையேட்டில் மாடல் எண்ணை முழுமையாக ஒப்பிட்டுப் பாருங்கள். மெகாபிக்சல், ஜூம் ஆகியவற்றுக்காகக் கூடுதல் வெள்ளி கொடுக்கவேண்டாம். இம்முறையில் கேம்கார்டரின் லென்ஸுக்கு வேலையே இல்லை.

இரண்டாம் படி: பால், என்டிஎஸ்சி பொருத்தம்

பால், என்டிஎஸ்சி என்பவை ஒன்றுக்கொன்று பொருந்தாத இரு வீடியோ ஒளிபரப்பு முறைகள். சிங்கப்பூரில் விற்கப்பட்டவை பெரும்பாலும் பால் முறையைச் சேர்ந்தவை. ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்தவை என்டிஎஸ்சி. கேமராவும் கேம்கார்டரும் ஒரே முறையில் இருக்கவேண்டும்.

மூன்றாம் படி: கேமராவைக் கையோடு கொண்டுசென்று சோதியுங்கள்

சிம் லிம் ஸ்குவேரில் வாங்கினாலும், கரோசல் இணையச் சந்தையில் பார்த்து ஒருவரை எம்ஆர்டி நிலையத்தில் சந்தித்து வாங்கினாலும், உங்கள் கேமராவையும் அதன் பேட்டரியையும் எடுத்துச்செல்லுங்கள். புல்லட் கேமராக்கள் பல 12 வோல்ட்டில் இயங்குபவை; கேம்கார்டர் அவற்றுக்கு மின்சாரம் தராது. கேம்கார்டருடன் வந்த ஏவி கம்பியையே கேட்டு வாங்குங்கள், ஏனெனில் 3.5 மிமீ முனையின் உள்ளிணைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இரு கம்பிகளிலும் காட்சிக்கான மஞ்சள் முனைகள் ஆண் முனைகளாக (செருகும் வகையாக) இருந்தால், இடையில் பொருத்த ஓர் இணைப்பான் தேவைப்படும். கேம்கார்டரை, பதிவை ஓட்டிப் பார்க்கும் பிளே அல்லது விசிஆர் நிலைக்கு மாற்றி, திரையில் படம் வருகிறதா என்று பாருங்கள். அதோடு நிறுத்தாமல் ஒரு நிமிடம் பதிவு செய்து, திரும்ப ஓட்டியும் பாருங்கள்.

நான்காம் படி: பையில் கிடக்கும்போது எப்படி இயங்கும்?

திரையை மூடினால் அணைந்துவிடும் கருவியையும், பை அழுத்தத்தில் கட்டளை ஏற்கும் தொடுதிரையையும் தவிர்ப்பது நல்லது. சோனி, கேனன் கருவிகள் பலவற்றில் லேங்க் என்ற தொலைக்கட்டுப்பாட்டுத் துளை உண்டு. கைப்பிடியருகே ஒரு பொத்தானை வைத்துப் பதிவைத் தொடங்கவும் நிறுத்தவும் அது உதவும். ஆனால் விசிஆர் நிலையிலும் அது வேலை செய்கிறதா என்பதைத் தனியாகச் சோதிக்கவேண்டும்.

ஐந்தாம் படி: நாடாவா, மெமரி கார்டா?

ஏவி-இன் உள்ள மெமரி கார்டு மாடல் கிடைத்தால் தயங்காமல் அதையே எடுங்கள். பழைய கேம்கார்டர்களில் பயன்பட்ட சிறு வீடியோ நாடாவான மினிடிவி, சாதாரண வேகத்தில் 60 நிமிடம் ஓடும். வேர்கள் நிறைந்த தடத்தின் அதிர்வில் படம் கட்டம் கட்டமாக உடையக்கூடும். கணினிக்கு மாற்ற ஃபயர்வயர் என்ற பழைய வகை இணைப்புத் துளை வேண்டும். இன்றைய கணினிகளில் அது இல்லை. நம் ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. குளிர்சாதன அறையிலிருந்து வெளியே எடுத்தவுடன் உள்ளே ஈரம் படியும், ஈர எச்சரிக்கை காட்டி நாடாக் கருவி இயங்க மறுக்கும். வெளியே எடுக்கும் முன்பே அதைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் மூடி, சுமார் ஒரு மணி நேரம் வெளிவெப்பத்துக்குப் பழகவிடுங்கள்.

ஆறாம் படி: பையில் வைத்தல்

கேம்கார்டரை ஸ்பாஞ்சில் சுற்றி, முதுகை ஒட்டிய அறையில் வையுங்கள். அதிர்வின் பெரும்பகுதியை உடலே தாங்கிக்கொள்ளும். தலையை இருபுறமும் முழுமையாகத் திருப்புமளவுக்குக் கம்பியைத் தளர்வாக விட்டு, இணைப்பான் தோள்பட்டையருகே இருக்குமாறு அமையுங்கள். விழ நேர்ந்தால் கழுத்தை இழுக்காமல் அவ்விடத்திலேயே கழன்றுகொள்ளும்படி, அதை ஒட்டுநாடாவால் இறுக்காமல் விடுங்கள்.