திருகோணமலையிலிருந்து மென்சட மாநாட்டுக்கும் வேலைக்கும் விண்ணப்பிப்பது எப்படி: நான் தடுக்கி விழுந்த இடங்களோடு

முதலில் ஒரு சின்ன விளக்கம். என் துறையை ஒருநாள் வாய்தவறி 'மென்பொருள்' என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து உவர்மலையில் எங்கள் ஒழுங்கையில் யாருடைய லப்டொப் நின்றாலும் என்னிடம்தான் வருகிறது. நான் படிப்பது மென்சடம். தயிர், பற்பசை, நுரை, களிமண் போன்றவற்றின் பௌதிகம். கிண்ணியாத் தயிர்ச் சட்டியைச் சற்றுச் சரித்தால் தயிர் அசையாது. அகப்பையால் அழுத்தினால் நெகிழ்ந்துவிடும். எந்த அளவு விசைக்கு மேல் நெகிழும் என்பது மாதிரியான கேள்விகள்தான் இங்கே. நான் பார்ப்பது மணல். புல்மோட்டைக் கரிய மணலில் உள்ள இல்மனைட்டின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 4.7 மடங்கு, குவார்ட்ஸினுடையது 2.65 மடங்கு. இரண்டையும் கலந்து குலுக்கினால் எது மேலே வரும்? பார்க்கச் சுலபமாகத் தெரியும், ஆனால் பருமனும் உராய்வும் சேர்ந்தவுடன் விடை மாறிக்கொண்டே போகும்.

உங்களிடம் ஓர் ஆய்வு முடிவும் இரண்டு வரைபும் இருக்கின்றன, சிறப்புப் பட்டம் முடித்திருக்கிறீர்கள் அல்லது முடிக்கப்போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: பெயரை முடிவுசெய்யுங்கள்

சிரிக்க வேண்டாம். என் முதல் பயணம் கவிழப் பார்த்தது இந்த இடத்தில்தான்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து, பிறகு நம் பெயர். உதாரணமாக, சிவலிங்கத்தின் மகள் வாணி என்றால் பள்ளிக்கூடத்திலும் பல்கலைக்கழகத்திலும் 'எஸ். வாணி'. கடவுச்சீட்டிலோ குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் சிவலிங்கம், மற்றப் பெயர்கள் என்ற கட்டத்தில் வாணி. ஆய்வுச் சுருக்கத்தை அனுப்பும்போது பழக்கதோஷத்தில் 'எஸ்.' என்பதை முதற்பெயராகவும் 'வாணி'யைக் குடும்பப் பெயராகவும் நிரப்பிவிடுவோம். படிவம் ஒன்றும் சொல்லாது. மாநாட்டு அழைப்புக் கடிதமும் அதே பெயரில்தான் வரும்.

நானும் அப்படித்தான் நிரப்பினேன். இரவு மெயில் ரயிலில் கொழும்புக்குப் போய், காலையில் கோட்டை நிலையத்திலேயே முகம் கழுவி, விசா விண்ணப்பம் கொடுக்கும் இடத்தில் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. கடிதத்தையும் கடவுச்சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பெண், "இது வேற ஆளின்ட கடிதம் போல கிடக்கே?" என்றார். திருத்திய கடிதம் கேட்டு மாநாட்டுச் செயலகத்துக்கு எழுதினேன். அது ஓகஸ்ட் மாதம். ஐரோப்பாவில் ஓகஸ்டில் பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள். புதுக் கடிதம் வர 11 நாள். மறுபடியும் அதே ரயில்.

ஆகவே செய்ய வேண்டியது: கடவுச்சீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ அதையே எல்லாப் படிவத்திலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே நிரப்புங்கள். கடவுச்சீட்டு இன்னும் எடுக்கவில்லையா? சுருக்கம் எழுத முன்னர் அதை எடுங்கள். அப்புறம் ஓர்சிட் (ORCID) எண் ஒன்று பதியுங்கள், அது ஆய்வாளர்களுக்கான அடையாள எண். இலவசம், 16 இலக்கம், 5 நிமிட வேலை. பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டாலும் கட்டுரைகள் ஒரே ஆளிடம் வந்து சேரும்.

(பிற்சேர்க்கை: மூதூரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார், கல்யாணத்துக்குப் பிறகு கடவுச்சீட்டில் கணவர் பெயர் ஏறிவிட்டது, பழைய கட்டுரை அப்பா பெயரில் இருக்கிறது, என்ன செய்வது என்று. நான் யோசித்தே பார்க்காத சிக்கல். ஓர்சிட்டில் 'வேறு பெயர்கள்' என்று ஒரு பகுதி இருக்கிறது. பழைய பெயரை அங்கே போடுங்கள். கட்டுரையில் பழைய பெயரையே தொடரலாம். அழைப்புக் கடிதம் மட்டும் கடவுச்சீட்டுப் பெயரில் வேண்டும் என்று செயலகத்துக்குத் தனியாக எழுதிக் கேளுங்கள்.)

படி 2: தலைப்பைப் பார்க்க முன் பணத்தைப் பாருங்கள்

மாநாட்டுத் தலைப்பைப் பார்த்து மயங்கிச் சுருக்கம் அனுப்பி, அது ஏற்கப்பட்ட பிறகு கட்டணத்தைப் பார்த்து வாயடைத்துப்போனவர்கள் நம்மில் நிறையப் பேர். வரிசையை மாற்றுங்கள்.

என் சிபாரிசு, தொடங்குகிறவர்கள் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் உள்ள ஐசிடிபி (ICTP) என்ற சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிக நிலையத்திலிருந்து தொடங்குங்கள். பாகிஸ்தானின் அப்துஸ் சலாம் 1964இல் நம்மைப் போன்ற நாடுகளை நினைத்தே தொடங்கிய நிலையம் அது. பெரும்பாலான பயிற்சிப் பள்ளிகளுக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. வளரும் நாடுகளிலிருந்து வருகிறவர்கள் பயணச் செலவும் கேட்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: அறிவிப்பில் பல தடவை இரண்டு கடைசித் திகதி இருக்கும். பண உதவியோ விசாவோ தேவைப்படுகிறவர்களுக்கு உரியது முந்தியது. நமக்கு இரண்டும் தேவை. அதே நிலையத்தில் ஒரு வருட டிப்ளோமா ஒன்றும் உண்டு, ஒடுங்கிய சடப் பௌதிகம் (திண்மம், திரவம் போன்றவற்றின் பௌதிகம்) உட்பட. முழுச் செலவும் அவர்களுடையது. கலாநிதிப் படிப்புக்குப் போக இது நல்ல பாலம்.

அடுத்தது பெங்களூர். ஐசிடிஎஸ் (ICTS) ஆய்வு நிலையம் நடத்தும் புள்ளியியல் பௌதிகப் பள்ளி மென்சடக்காரருக்கும் பயன்படும். பயணச் செலவும் கட்டுப்படியாகும்.

பெரிய மாநாடுகளில், அமெரிக்கப் பௌதிகச் சங்கத்தின் மார்ச் கூட்டம் 2025 முதல் ஏப்ரல் கூட்டத்தோடு சேர்ந்து ஒரே மாநாடாகிவிட்டது. சுருக்கம் கேட்பது வழக்கமாக முந்திய ஒக்டோபரில். பாய்ம இயக்கவியல் பிரிவின் கூட்டம் தனி, அது நவம்பரில் வரும். விசையியல்காரருக்கு நாலு வருடத்துக்கு ஒருமுறை வரும் ஐசிடாம் (ICTAM) என்ற உலக மாநாடு பெரிய திருவிழா: 1924இல் டெல்ஃப்டில் தொடங்கியது, நூறாவது வருடத்தில், 2024இல், தென் கொரியாவின் டேகுவில் நடந்தது. கோர்டன் மாநாடுகள் வேறு ரகம்; கூட்டம் சிறிது, சும்மா பதிந்துவிட்டுப் போக முடியாது, விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டும். முதல் தடவைக்கு ஆயிரக்கணக்கானோர் வரும் கூட்டத்தைவிட நூறு பேர் வரும் பள்ளிதான் நல்லது என்பேன். பெரிய கூட்டத்தில் உங்கள் பத்து நிமிடப் பேச்சைக் கேட்க ஏழு பேர் இருப்பார்கள், அதில் இரண்டு பேர் அடுத்த பேச்சாளர்கள்.

'மதிப்புக்குரிய பேராசிரியரே, தங்கள் சிறந்த கட்டுரையைக் கண்டு வியந்தோம்' என்று தொடங்கும் மாநாட்டு அழைப்பு வந்தால் அழித்துவிடுங்கள். நீங்கள் பேராசிரியர் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்தானே.

படி 3: சுருக்கம்

இதைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள், நான் நீட்டவில்லை. முதல் இரண்டு வரியில் கேள்வி, கடைசி இரண்டு வரியில் கண்டுபிடித்த எண். 'முடிவுகள் விவாதிக்கப்படும்' என்று முடிக்காதீர்கள். சமன்பாடுகளோடு எழுத உதவும் லேடெக்ஸ் (LaTeX) மென்பொருளைத்தான் பழகுங்கள், வேர்டில் எழுதிய சமன்பாடு இணையப் படிவத்தில் ஒட்டியதும் சிதறிவிடும். ஓவர்லீஃப் (Overleaf) இணையத்தளத்தில் லேடெக்ஸ் எழுதினால் லப்டொப்பில் ஒன்றும் நிறுவத் தேவையில்லை. கரண்ட் போனாலும் எழுதியது போகாது.

படி 4: கடைசி நேரம் எந்த ஊர் நேரம்?

சில அறிவிப்புகளில் 'பூமியில் எங்காயினும்' என்று போட்டிருக்கும். உலகில் கடைசியாக நள்ளிரவு வரும் இடத்தின் கணக்கு அது. நமக்கு மறுநாள் மாலை 5.30 வரை நேரம் இருக்கிறது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை 5 மணி என்றால் நமக்கு மறுநாள் விடிய 3.30, அவர்களுடைய கோடை நேரத்தில் 2.30. நான் எல்லாவற்றையும் இலங்கை நேரத்துக்கு மாற்றிச் சுவர்க் கலண்டரில் எழுதிவைக்கிறேன். போன் நினைவூட்டலை அணைத்துவிட்டுத் தூங்கலாம், கலண்டரில் சிவப்பு மையால் எழுதினால் அம்மா கேட்டுக்கொண்டே இருப்பார்.

படி 5: வேலை

மாநாட்டில் வேலை கிடைக்காது; ஆளைத் தெரியவரும். போக முன் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து நாலு பேரைக் குறித்து, 'உங்கள் போஸ்டர் நேரத்தில் பத்து நிமிடம் பேசலாமா' என்று ஆறு வரியில் எழுதுங்கள் (போஸ்டர் என்றால் ஆய்வைப் பெரிய தாளில் ஒட்டிவைத்து, பக்கத்தில் நின்று விளக்குவது). அவருடைய ஒரு கட்டுரையின் ஒரு வரைபைப் பற்றி உண்மையான கேள்வி ஒன்று இருக்கட்டும்.

ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் கலாநிதிப் படிப்பு பெரும்பாலும் சம்பளத்தோடு வரும் வேலை. வருடம் முழுக்க அறிவிப்பு வரும். யூராக்செஸ் (EURAXESS) தளத்தில் தேடுங்கள், பிரித்தானியாவுக்கு ஜொப்ஸ்.ஏசி.யூகே (jobs.ac.uk). கலாநிதிப் பட்டம் முடித்தவர்களுக்கு ஐரோப்பாவின் மரி கியூரி போஸ்ட்டொக் (பட்டத்துக்குப் பிந்திய தற்காலிக ஆய்வுப் பணி) உண்டு: எந்த நாட்டவரும் போடலாம், பட்டம் பெற்று 8 வருடத்துக்குள் இருக்க வேண்டும், போகிற நாட்டில் முந்திய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. அமெரிக்க விரிவுரையாளர் பதவிகளுக்கு ஓகஸ்டிலிருந்து விளம்பரம் வரும், முடிவுத் திகதி ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர், நேர்முகம் ஜனவரிக்குப் பிறகு.

உள்ளூர் வேறு உலகம். நிலாவெளி கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகமானாலும் வேறு எந்தப் பல்கலைக்கழகமானாலும், தகுதிகாண் விரிவுரையாளர் பதவிக்கு விளம்பரத்தைக் கடைசி வரி வரை வாசியுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னால் உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயரை எழுத மறக்கக் கூடாது.

வெளிநாட்டு விண்ணப்பங்களில் சிபாரிசுக் கடிதத்தைப் பேராசிரியரே இணையத்தில் ஏற்ற வேண்டும். இணைப்பு அவர் மெயிலுக்குப் போகும், பல தடவை குப்பைப் பெட்டிக்கு. என் சேரிடம் மூன்று தடவை நினைவூட்டினேன். நாலாவது தடவை நேரே போனேன். "தம்பி, எனக்கு ஒண்டும் வரேல்லையே" என்றார். பக்கத்தில் இருந்து குப்பைப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன், மூன்றும் அங்கே கிடந்தன. நீங்கள் முதல் நாளே போங்கள்.

படி 6: போஸ்டர்

ஏ0 அளவு, 841க்கு 1189 மில்லிமீற்றர். கடதாசியில் அடித்தால் நீளக் குழாய் வேண்டும், பஸ் நெரிசலில் அது தாங்காது. துணியில் அடியுங்கள், மடித்துப் பைக்குள் வைக்கலாம். கோயில் திருவிழாப் பனர் அடிக்கும் கடைகளிலேயே கேட்டுப் பாருங்கள். எனக்கு ஒரு பின்னேரத்தில் தந்துவிட்டார்கள். அவர்கள் தாமாக ஓரத்துக்கு மஞ்சள் கரை போட்டுவிடுவார்கள், வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நான் சொல்லவில்லை.