காய்கறிக் காட்டைப் புல்லுக்கு விடும்போது செய்யும் தவறுகள்

நீலகிரியில் கிழங்கும் கேரட்டும் போட்டு ஓய்ந்த மானாவாரி மேட்டை மறுபடி புல்லாக்க நினைப்பவர்கள் முதலில் ஏமாறுவது பச்சையைப் பார்த்துத்தான். உழவை நிறுத்தியதும் ஒரு மழைக்காலத்தில் நிலம் மூடிவிடும். குனிந்து பார்த்தால் பெரும்பாலும் கிக்கியூ புல். கிழக்கு ஆப்பிரிக்க மேட்டிலிருந்து வந்த இது சரிவில் மண்ணை நன்றாகவே பிடிக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் பாய் போலப் படர்ந்து, நம் மலையின் தூர்ப்புற்களுக்கு, அதாவது கொத்துக் கொத்தாக வளரும் புற்களுக்கு, இடமே விடாது.

கிக்கியூவுக்கு விருந்து வைப்பது பழைய உரம்தான். பல ஆண்டுகள் கொட்டிய காம்ப்ளக்ஸ் உரம், கோழி எரு ஆகியவற்றின் சத்து மண்ணில் மிச்சம் இருக்கும். அதிலும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) எளிதில் கரைந்து போகாது. மலைப்புற்களோ சத்துக் குறைந்த புளிப்பு மண்ணுக்குப் பழகியவை. "மண் செத்துப்போச்சு, கொஞ்சம் உரம் போட்டு எழுப்புவோம்" என்று மேலும் போட்டால் களைதான் எழும். டோலமைட் என்னும் சுண்ணாம்புத் தூள் போட்டுப் புளிப்பை மாற்றுவதும் அதே கதை. கிழங்குக்கு அது மருந்து, இந்தப் புல்லுக்கு வேண்டாத வேலை. முதல் சில ஆண்டுகள் களையை அறுத்து நிலத்துக்கு வெளியே கொண்டு போவது பலன் தரும். அறுத்ததை அங்கேயே மூடாக்காகப் போட்டால் சத்தும் அங்கேயே திரும்பும்.

நடுவதற்கு முன் ஒருமுறை ஆழமாக உழுதுவிடலாம் என்பது அடுத்த தவறு. சரிவில் அடுத்த மழைக்கே மேல்மண் ஓடைக்குப் போய்விடும். குழி தோண்டித் தூர் வைத்தால் போதும். ஆனால் அந்தத் தூர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பழைய கிழங்குத் தோட்டத்திலிருந்து மண்ணோடு பெயர்த்து வந்தால் நூற்புழுவும் சேர்ந்து வரும். உருளைக்கிழங்கைத் தாக்கும் இந்த முட்டைக்கூட்டு நூற்புழு நீலகிரியில் 1961-இல் கண்டறியப்பட்டது. அதன் கூடுகள் கிழங்கே இல்லாத நிலத்திலும் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். புல்லுக்கு ஒன்றும் ஆகாது, பக்கத்துக் காட்டுக்காரருக்குத்தான் கேடு. காப்புக்காட்டில் அனுமதியின்றிப் பெயர்ப்பதும் கூடாது.

ஓரத்தில் சீகை (வாட்டில்) மரம் இருந்தால் தீ வைத்துச் சுத்தம் செய்யாதீர்கள். அதன் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கும், சூடு பட்டால் கூட்டமாக முளைக்கும். நாற்றைக் கையால் பிடுங்குவதுதான் வழி, சலிப்பான வேலைதான்.

கடைசியாக, அவசரம். வேர்கள் மண்ணைக் குருணையாகக் கட்டுவது சில ஆண்டுகளிலேயே தெரியும். கரிமச்சத்து அப்படி இல்லை. அமெரிக்காவின் கொலராடோவில், நம்மைவிட வறண்ட குறும்புல் வெளியில், உழவு கைவிட்ட நிலங்களை ஐம்பது ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். கரிமப்பொருளில் பயிருக்குச் சத்து விடும் பகுதி மீண்டிருந்தது, மொத்தக் கரிமச்சத்து மீளவில்லை. நம் ஈர மலையில் வேகம் வேறாக இருக்கலாம். ஆனால் இரண்டு ஆண்டில் மண் பரிசோதனைச் சீட்டு மாறவில்லை என்று நிலத்தை மறுபடி உழுதால் கட்டிய குருணையும் போச்சு. மண் மாதிரி எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே ஆழம், அதே பருவம். பழையபடி ஓர் அடியும் இப்போது நாலு அங்குலமும் எடுத்து ஒப்பிட்டால், கரிமச்சத்து ஏறியதாகக் காகிதத்தில் மட்டும் தெரியும்.