நீரிலிருந்து குரோமியத்தைப் பிரிக்க ஒரு ரெசின் குழாய்

முதலில் ரெசினை, அதாவது நீரிலுள்ள அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் சிறு பிளாஸ்டிக் மணிகளை, சரியாகத் தேர்ந்தெடுங்கள். நான் இடறியது இங்கேதான். குரோமியம் உலோகம், உலோக அயனி என்றால் நேர்மின் சுமை என்று கணக்குப் போட்டு நேரயனி ரெசினை நிரப்பினேன். குரோமியம் கலந்த மஞ்சள் நீரை மேலே ஊற்றினால் கீழேயும் மஞ்சளாகவே வந்தது. இரண்டு நாள் ஓட்டத்தைக் குறைத்தும் ரெசினைக் கழுவியும் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை.

காரணம் இதுதான். ஆறு இணைதிறன் குரோமியம் நீரில் தனியாக இருக்காது, ஆக்சிஜனோடு சேர்ந்து குரோமேட்டாக எதிர்மின் சுமையுடன் மிதக்கும். அதற்கு எதிரயனி ரெசின்தான் வேண்டும். மூன்று இணைதிறன் குரோமியம் மட்டுமே நேரயனி ரெசினில் பிடிபடும். உங்கள் நீரில் எது இருக்கிறது என்று டைபினைல் கார்பசைடு சோதனை காட்டும்: அமிலம் சேர்த்த நீரில் சில துளி விட்டதும் ஊதா கலந்த சிவப்பு தோன்றினால் ஆறு இணைதிறன்.

கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். இந்தக் குழாய் பயிற்சிக்கு மட்டும், இதில் வடியும் நீரைக் குடிக்கக் கூடாது.

சோதனை நீருக்கு, லிட்டருக்கு 28.3 மில்லிகிராம் பொட்டாசியம் டைகுரோமேட்டு போட்டால் 10 மில்லிகிராம் குரோமியம் கிடைக்கும். ரெசின், குளோரைடு வடிவில் (பிடிக்கும் இடங்களில் குளோரைடு அயனிகளுடன்) உள்ள வலுக்காரவகை எதிரயனி ரெசின். நுண்துளை அதிகமுள்ள மேக்ரோபோரஸ் ரகத்தையே நான் வாங்குவேன். குரோமேட்டு ரெசினை ஆக்சிஜனேற்றம் செய்து அரிக்கும், ஜெல் ரகத்தைவிட இது தாக்குப்பிடிக்கும்.

உலர்ந்த ரெசினை நேராக நீரில் போட்டால் மணிகள் சட்டென்று உப்பி வெடிக்கும். உப்புக் கரைசலில் ஊறவைத்து, அப்புறம் கழுவுங்கள். குழாயின் அடியில் கண்ணாடிப் பஞ்சு வைத்து, பாதி நீர் நிரப்பி, 50 மில்லி ரெசினை நீரோடு கலந்து ஊற்றுங்கள். 2 செ.மீ. உள்விட்டக் குழாயில் இது சுமார் 16 செ.மீ. உயரம் நிற்கும். நீர்மட்டம் ரெசினுக்குக் கீழே இறங்கவே கூடாது. காற்று புகுந்தால் நீர் ஓரிடத்தில் வழி பிடித்து ஓடிவிடும்.

ஓட்டம் நிமிடத்துக்கு 8 மில்லி. மேலிருந்து ஆரஞ்சுப் பட்டை மெதுவாக இறங்குவதைக் காணலாம். பட்டை அடியை நெருங்கினால் நிறுத்துங்கள். கண்ணை மட்டும் நம்பாமல் வெளிவரும் நீரை அவ்வப்போது சோதியுங்கள். உலக சுகாதார அமைப்பு குடிநீருக்குச் சொல்லும் அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அந்த அளவில் மஞ்சள் கண்ணுக்குத் தெரியாது.

நிரம்பிய ரெசினை மீண்டும் பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுவர 10 சதவீத உப்புக் கரைசலில் சிறிது சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து மெதுவாக விடுங்கள். வெளிவரும் அடர்மஞ்சள் கழிவுதான் உண்மையான ஆபத்து, சாக்கடையில் கொட்டாதீர்கள். புகைபோக்கி அறையில் (நச்சுவாயுவை வெளியே இழுக்கும் ஆய்வகப் பெட்டியில்) அமிலம் விட்டு பிஹெச் 2-க்கும் 3-க்கும் இடையே கொண்டுவந்து சோடியம் மெட்டாபைசல்பைட்டு சேர்த்தால் மூன்று இணைதிறன் குரோமியமாக மாறிப் பச்சையாகும். பிறகு காரம் விட்டு 8-9 ஆக்கினால் குரோமியம் ஹைட்ராக்சைடு அடியில் படியும். அந்தப் படிவு அபாயக் கழிவு சேகரிப்புக்குப் போகவேண்டும்.

பின்சேர்க்கை: கிணற்று நீரில் ரெசின் சீக்கிரமே நிரம்பிவிடுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அதில் சல்பேட்டு இருக்கும். ரெசின் குரோமேட்டையே அதிகம் விரும்பினாலும், சல்பேட்டு எண்ணிக்கையில் பல மடங்கு இருப்பதால் இடத்தைப் பிடித்துவிடும். அப்படியானால் சல்பேட்டை முதலில் அளந்துவிட்டு, ரெசின் அளவைக் கூட்டுங்கள்.