நல்ல காரியத்துக்காக முதல் மாரத்தான்: குமரி மாவட்டத்தில் இருந்து தயாராவது எப்படி

மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். கேட்டதும் மலைப்பாக இருக்கும். ஆனால் சிவராத்திரிக்கு முஞ்சிறை திருமலையில் கிளம்பி "கோவிந்தா, கோபாலா" என்று கூப்பிட்டுக்கொண்டே பன்னிரண்டு சிவாலயங்களைத் தொட்டு திருநட்டாலத்தில் முடிக்கிறவர்கள் நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறார்கள். அதை ஒரே மூச்சில் ஓடுவதில்லை; ஓடி, நடந்து, குளித்து, வழியில் கிடைக்கிற மோரும் பானகமும் குடித்து, மறுபடி ஓடுகிறார்கள். உங்கள் முதல் மாரத்தானிலும் நடுநடுவே தயங்காமல் நடங்கள்.

இந்த ஓட்டத்தைச் சொல்லித் தெரிந்தவர்களிடம் நன்கொடை திரட்டப் போகிறீர்கள், அதனால் ஷூ வாங்குவதற்கு முன்பே பண விஷயத்தைத் தீர்த்துவிடுங்கள். உங்களுக்கு நேரில் தெரிந்த ஒரு காரியத்தைத் தேர்ந்தெடுங்கள். 2017 ஒக்கி புயலில் அப்பாவைக் கடலில் இழந்த பிள்ளைகளின் படிப்பாக இருக்கலாம், பக்கத்து ஊரில் படுக்கையில் இருக்கிற நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற குழுவாக இருக்கலாம். பணம் உங்கள் ஜிபேக்கு வரவே கூடாது, நேராக அந்த அமைப்பின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரியில் சலுகை கிடைக்கச் செய்கிற 80ஜி பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த வரிச்சலுகை பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான், ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதுவும் கிடையாது. நம் மாவட்டத்தில் பல பேருக்கு வளைகுடாவில் சொந்தக்காரர்கள் உண்டு இல்லையா, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற அண்ணன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அனுப்ப வேண்டும் என்றால் அந்த அமைப்புக்கு வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. அனுமதி இருக்க வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது இது: "முழுசா ஓடி முடிச்சா தாங்க" என்று யாரிடமும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டுவிட்டால் முட்டி பிடித்துக்கொண்ட பிறகும் பிள்ளைகளின் ஃபீஸை நினைத்து ஓடிக்கொண்டே இருப்பீர்கள். நான் ஓடினாலும் பாதியில் நின்றாலும் இந்தப் பணம் அவர்களுக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, இனி ஓட்டம். ஐந்து கிலோமீட்டர் மெதுவாக ஓட முடிகிறவருக்கே ஐந்து மாதம் வேண்டும். சர்க்கரை, பிரஷர் இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வாரத்துக்கு நான்கு நாள் போதும், அதில் ஒரு நாள் நீண்ட ஓட்டம். ஞாயிறு காலை பூசைக்கோ ஆராதனைக்கோ போகிறவர்கள் அதைச் சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாம். அந்த நீண்ட ஓட்டத்தை வாரம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், ஒவ்வொரு நாலாவது வாரமும் குறைத்துவிடுங்கள், 30, 32 கிலோமீட்டர் வந்ததும் கூட்டுவதை நிறுத்திக்கொள்ளுங்கள். கூட ஓடுகிறவரிடம் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். கடைசி மூன்று வாரம் படிப்படியாகக் குறைக்க வேண்டும், அப்போது கால் துறுதுறு என்று இருக்கும், கட்டுப்படுத்துங்கள்.

தொடக்கத்துக்கு சங்குத்துறை, சொத்தவிளைப் பக்கக் கடற்கரைச் சாலை நல்லது, ஏற்றம் அதிகம் இல்லை. இரண்டு மாதம் கழித்து குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்குங்கள், தொடை உறுதியாகும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று ஆளைத் தள்ளும். போகும்போது எதிர்காற்றிலும் திரும்பும்போது முதுகுக்காற்றிலும் வருகிற மாதிரி வழியைத் திட்டமிடுங்கள். நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு, மழைக்காக நாளைத் தள்ளினால் பயிற்சியே நடக்காது. தொடை உரசுகிற இடத்தில் வாசலின் தடவிக்கொண்டு கிளம்புங்கள், இடி மின்னலுக்கு மட்டும் வீட்டில் இருங்கள். விடியுமுன் ஓடுவதானால் வெளிச்சத்தில் மின்னுகிற சட்டை போட்டு, எதிரே வருகிற வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக ஓடுங்கள்.

சாப்பாட்டுக்கு ஏத்தம்பழம், கருப்பட்டி, உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி என்று வீட்டில் இருப்பதே போதும். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்துபோகும், அது ஆபத்து. எதுவானாலும் நீண்ட ஓட்டங்களிலேயே சாப்பிட்டுப் பாருங்கள். பந்தய நாளில் புது உணவும் வேண்டாம், புது ஷூவும் வேண்டாம்.

பந்தயத்தின் முதல் பத்து கிலோமீட்டரில் எல்லாரும் உங்களைத் தாண்டிப் போகட்டும். தண்ணீர் கொடுக்கிற இடங்களில் ஒரு நிமிடம் நடந்தே குடியுங்கள். முப்பது கிலோமீட்டருக்கு மேல் உடம்பில் சேர்த்து வைத்த மாவுச்சத்து தீர்ந்து கால் கனக்கும், அப்போது நடையும் ஓட்டமுமாகப் போங்கள். ஒரே இடத்தில் குத்துகிற வலி, நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல் என்றால் உடனே நின்று மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் அந்த வாரத்திலேயே பணம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, எதற்குப் போகிறது என்று தகவல் அனுப்புங்கள். ரசீது வராதவர்களுக்கு அமைப்பிடம் நீங்களே கேட்டு வாங்கிக் கொடுங்கள்.