குவயட்டும் சைலன்ட்டும் ஒன்றல்ல
ஆங்கிலத்தில் அமைதியைக் குறிக்கும் சொற்களை ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக எழுதிவிடுவது நம்மில் பலருக்கும் வழக்கம். 'குவயட்' என்றால் ஓசை குறைவு. 'சைலன்ட்' என்றால் ஓசையே இல்லை. தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பவரை முன்னதால் குறிக்கலாம், பின்னதால் குறிக்க முடியாது. 'நைஃப்' (knife) என்னும் சொல்லின் முதலெழுத்தான k எழுதப்பட்டும் ஒலிக்கப்படாததால்தான் அதைச் சைலன்ட் எழுத்து என்கிறோம்.

மனிதர்களின் இயல்பைச் சொல்லும்போதுதான் கூடுதல் கவனம் தேவை. 'ரிசர்வ்ட்' என்பது உணர்வுகளை எளிதில் வெளிக்காட்டாத தன்மை. அதில் பெரிதாகக் குறை தொனிப்பதில்லை. 'டாசிட்டர்ன்' (taciturn), 'ரெட்டிசென்ட்' (reticent) இரண்டும் பேசாதிருத்தலைக் குறிக்கும் ஒரே லத்தீன் வினையிலிருந்து பிறந்தவை என்றாலும், முன்னது எதைக் கேட்டாலும் ஓரிரு சொல்லில் முடித்துக்கொள்ளும், சற்றுச் சிடுசிடுப்பாகவும் தோன்றக்கூடிய சுபாவத்தையும், பின்னது ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டுத் தன் சம்பளத்தைக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுபவரின் தயக்கத்தையும் சுட்டும். ஆகவே, பரிந்துரைக் கடிதத்தில் ஒருவரை டாசிட்டர்ன் என்று எழுதினால் அது பாராட்டாகாது.

இன்னொன்று: 'குவயட்' (quiet) என்பதன் கடைசி இரண்டு எழுத்துகள் இடம் மாறினால் அது 'முற்றிலும்' என்று பொருள்படும் 'குவைட்' (quite) ஆகிவிடும், இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் கணினியின் பிழைதிருத்தியும் அதைத் தவறவிடக்கூடும்.