வெள்ளணுக்களின் கொழுப்பும் ஓயாத அழற்சியும்: தோட்டப்புறச் சமையலறைக்கு ஒரு வழிகாட்டி

பெஸ்தாரி ஜெயாவானாலும் சுங்கை சிப்புட்டானாலும், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த நம் சிற்றூர்களில் நீரிழிவும் இரத்தக்குழாய் அடைப்பும் மூட்டு வாதமும் அன்றாடப் பேச்சாகிவிட்டன. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகவும், இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடாக இருப்பதாகவும் கண்டது. இந்நோய்களுக்குப் பின்னால் ஓயாத அழற்சி ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. அதன் போக்கைத் தீர்மானிப்பவற்றுள் ஒன்று, கிருமிகளை எதிர்க்கும் நம் இரத்த வெள்ளணுக்களில் படிந்திருக்கும் கொழுப்பு. அந்தக் கொழுப்பை உணவின் வழி மாற்றுவது எப்படி, பலன் கிட்டியதா என்று பார்ப்பது எப்படி, எந்த இடத்தில் உணவை நம்புவதை நிறுத்துவது என்பனவே இங்குச் சொல்லப்படுகின்றன.

சமையலறைக்குள் நுழையுமுன் வெள்ளணுவைப் பற்றிச் சிறிது தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வெள்ளணுவையும் போர்த்தியிருக்கும் சவ்வு கொழுப்பு மூலக்கூறுகளின் இரட்டை அடுக்காகும். அது வெறும் உறையன்று. சரக்கு அடுக்கி வைத்த ஸ்டோர் அறையும் அதுவே. கிருமியோ காயமோ தட்டுப்பட்டவுடன், பாஸ்போலிபேஸ் ஏ2 என்னும் நொதி அச்சவ்விலிருந்து ஒரு கொழுப்பு அமிலத்தை வெட்டி எடுக்கிறது. பெரும்பாலோரின் வெள்ளணுக்களில் அவ்வாறு வெட்டப்படுவது, 20 கார்பன் அணுக்களைக் கொண்ட ஒமேகா-6 வகையைச் சேர்ந்த அராகிடோனிக் அமிலமாகும். வலியையும் காய்ச்சலையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின்களும், மேலும் பல வெள்ளணுக்களை அவ்விடத்துக்கு அழைக்கும் லியூகோட்ரையீன்களும் அதிலிருந்தே பிறக்கின்றன. காயம் ஆறுவதற்கு இவை தேவை. வேலை முடிந்த பின்னும் இவை ஓயாமலிருப்பதுதான் தொல்லை. மீனிலுள்ள ஈ.பி.ஏ. என்ற ஒமேகா-3 அமிலத்துக்கும் 20 கார்பன்களே உண்டு. ஆனால் இரட்டைப் பிணைப்புகள் நான்குக்குப் பதில் ஐந்து. இந்தச் சிறு வேறுபாட்டால், அதே நொதிகள் அதைக் கையாளும்போது விளையும் பொருள்கள் பெரும்பாலும் வீரியம் குறைந்தவையாக அமைகின்றன. அது மட்டுமன்று, ஈ.பி.ஏ.யிலிருந்தும், மீனிலுள்ள மற்றோர் ஒமேகா-3 அமிலமான டி.எச்.ஏ.யிலிருந்தும், அழற்சியை அடக்கும் ரிசால்வின்கள் எனப்படும் பொருள்கள் உருவாகின்றன. சார்ல்ஸ் செர்ஹானின் ஆய்வுக்குழு இவற்றைக் கண்டறிந்ததன் பின்னர், அழற்சி தானாகத் தேய்ந்து மறைவதில்லை, உடல் அதை முனைந்து அடக்குகிறது என்ற கருத்து வலுப்பெற்றது.

ஆஸ்பிரின் வேலை செய்வதும் இந்தப் பாதையில்தான். வெட்டப்பட்ட அமிலம் புரோஸ்டாகிளாண்டினாக மாறுவதை அது தடுக்கிறது என்பதை ஜான் வேன் 1971இல் காட்டினார். 1982இல் நோபெல் பரிசைப் பெற்றவர்களுள் அவரும் ஒருவர். மாத்திரையோ புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை நிறுத்துகிறது. உணவோ சவ்வில் இருக்கும் சரக்கை மாற்றுகிறது. முன்னதற்கு ஒரு மணி நேரம் போதும், பின்னதற்கு வாரக்கணக்கில் ஆகும். மீன் சாப்பிடுகிறேன் என்று மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்துவோர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் வேலை, வாரத்துக்கு இரண்டு முறையேனும் கொழுப்புள்ள கடல்மீனைச் சமைப்பது. ஒருவருக்கு ஒரு வேளைக்குச் சமைத்த மீன் ஏறத்தாழ 100 கிராம் இருக்கட்டும். இதற்காகச் சால்மன் வாங்கிக் கடனாளியாக வேண்டியதில்லை. பாசார் மாலாமிலும் லாரியில் மீன் கொண்டுவருபவரிடமும் கிடைக்கும் கெம்போங் போதும், மத்தியும் நன்று. சமைக்கும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கொதிக்கும் எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரிக்கும்போது மீனின் கொழுப்பில் ஒரு பகுதி வாணலிக்குப் போய்விட, வாணலியின் எண்ணெய் மீனுக்குள் ஏறுகிறது. புளிக்குழம்பிலோ அசாம் பெடாஸிலோ வேகவைத்தால், கரையும் கொழுப்பு குழம்பிலேயே தங்கி நம் தட்டுக்கு வந்துவிடும். ஆகவே குழம்பையும் சேர்த்து உண்ண வேண்டும். டின் சார்டினும் பயன்படும். ஆனால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதன் உப்பைக் கணக்கில் கொள்ள வேண்டும். யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்கள் சார்டினையும் நெத்திலியையும் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும், ஏனெனில் அவர்களுக்கு அவையே மூட்டில் வேறொரு அழற்சியைக் கிளப்பிவிடக்கூடும்.

புரட்டாசி முழுதும் கவிச்சி தொடாத வீடுகள் அஞ்ச வேண்டியதில்லை. சவ்வில் சேர்ந்தது ஒரே நாளில் காலியாவதில்லை, படிப்படியாகவே குறைகிறது. ஆண்டு முழுவதும் சைவமாக இருப்பவர்களின் நிலை வேறு. ஆளிவிதையிலும் வால்நட்டிலும் உள்ள ஒமேகா-3 உடலுக்குள் ஈ.பி.ஏ.யாக மாறுவது மிகக் குறைவு. மீனுக்கே அக்கொழுப்பைத் தரும் நுண்பாசியிலிருந்து எடுத்த எண்ணெய் அவர்களுக்கு நேரான வழி.

அடுத்தது எண்ணெய். நம்மைச் சுற்றி விளையும் செம்பனையின் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பான பால்மிட்டிக் அமிலம் ஏறத்தாழ 44 விழுக்காடு, ஒலியிக் அமிலம் 40, ஒமேகா-6 வகையான லினோலியிக் அமிலம் 10. ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த பெருவிழுங்கணுக்கள் என்னும் ஒருவகை வெள்ளணுக்கள் மீது பால்மிட்டிக் அமிலத்தைக் கொட்டினால் அவை அழற்சிப் பொருள்களை வெளியிடுகின்றன என்பது உண்மையே. ஆனால் தட்டில் கொட்டுவதும் சோற்றோடு உண்பதும் ஒன்றல்ல. உறுதியாகத் தெரிந்த கெடுதல் வேறு வழியில் வருகிறது. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால் இரத்தத்தில் எல்.டி.எல். கொலஸ்ட்ரால் ஏறுகிறது, அது தமனிச் சுவருக்குள் புகுந்து சிதைய, பெருவிழுங்கணுக்கள் அதை அளவின்றி விழுங்கி, கொழுப்புத் துளிகள் நிரம்பிய நுரையணுக்களாக மாறுகின்றன. அவற்றுக்குள் கொலஸ்ட்ரால் படிகமாக உறையும்போது இன்டர்லூக்கின்-1பீட்டா என்னும் அழற்சிப் புரதம் வெளிப்படுகிறது. கொலஸ்ட்ராலைச் சற்றும் குறைக்காமல் இந்தப் புரதத்தை மட்டும் தடுத்த மருந்தொன்று, மாரடைப்பு கண்டவர்களுக்கு மீண்டும் அது வருவதைக் குறைத்ததை 2017இல் வெளியான பெரிய சோதனை காட்டியது. கடும் தொற்றுகள் அதனால் கூடியதும் அதே சோதனையில் தெரிந்தது. அழற்சியை முற்றாக அணைப்பது நமக்கு வேண்டியதன்று.

ஆகையால், உதவித்தொகை விலையில் கிடைக்கும் பை எண்ணெயை வீட்டிலிருந்து விரட்டச் சொல்லவில்லை; பொரிப்பதைக் குறைத்து, தாளிப்புக்குச் சூரியகாந்தி அல்லது கனோலா எண்ணெயைப் பயன்படுத்தினால் போதும். சூரியகாந்தி எண்ணெயின் ஒமேகா-6 அழற்சியை மூட்டும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் எச்சரிக்கையை நான் ஏற்பதில்லை. மனிதர்களிடம் செய்த சோதனைகளில், லினோலியிக் அமிலத்தைக் கூட்டியதால் அழற்சிக் குறியீடுகள் உயரவில்லை. நாசி லெமாக்கையும் ரொட்டி சானாயையும் அன்றாடக் காலையுணவாக வைத்துக்கொண்டு, தாளிக்கும் ஒரு கரண்டி எண்ணெயைப் பற்றி வாதிடுவதில் பொருளில்லை.

அளவுநாடாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பில் வெள்ளணுக்கள் குவிந்து அழற்சியை நீட்டிக்கின்றன. ஆசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 சென்டிமீட்டரையும் பெண்களில் 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் அதைக் குறைப்பதே மீனைவிட முந்திய வேலையாகும்.

பலனை அறிய, அழற்சியின்போது இரத்தத்தில் கூடும் ஒரு புரதத்தை அளக்கும் உயர் நுண்ணுணர்வு சி.ஆர்.பி. என்ற இரத்தச் சோதனை உண்டு. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதயநோய் ஆபத்து குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் அதிகம் என்று கொள்ளப்படுகிறது. 10ஐத் தாண்டினால் பெரும்பாலும் தொற்றோ காயமோ காரணமாக இருக்கும். இரண்டு வாரம் பொறுத்து மீண்டும் எடுக்க வேண்டும். பல்வலியோடும் காய்ச்சலோடும் போய்ச் சோதித்தால் காசுதான் வீண். உணவை மாற்றியவர்கள் மூன்று மாதத்துக்குமுன் மறுசோதனை செய்ய வேண்டாம். மீன் உண்பதால் மட்டும் இந்த எண் பெரிதாக இறங்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். இடுப்பு குறைந்தவர்களிடம் அது இறங்குவதைக் காணலாம்.

மாத்திரை வடிவில் மீன் எண்ணெய் வாங்குவோர் புட்டியின் முன்பக்கத்தில் உள்ள 1000 மில்லிகிராம் என்ற எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. வழக்கமான வகைகளில் ஈ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 என 300 மில்லிகிராமே இருக்கும். மீதி மற்றக் கொழுப்புகள். முடக்குவாத வலியைக் குறைத்ததாகக் காட்டிய சோதனைகள் பல நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 கிராம் ஈ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் கொடுத்தவை. அதைச் சாதாரண மாத்திரையில் எட்ட நாளுக்குப் பத்து விழுங்க வேண்டியிருக்கும், உயர்ந்த அளவுகளில் இதயத்துடிப்பு ஒழுங்கு தவறும் ஆபத்தும் கூடுகிறது. ஆகவே அவ்வளவுக்குப் போவது மருத்துவரின் முடிவாக இருக்க வேண்டும். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்தை உண்பவர்கள், அரசாங்கக் கிளினிக்கிற்கு அடுத்த முறை செல்லும்போது அந்தப் புட்டியையும் கையோடு கொண்டுசென்று மருந்தாளுநரிடம் காட்ட வேண்டும். அதுவரை அதைத் திறக்க வேண்டாம்.