பிசின் பாகத்தைச் சுற்றி உயிரணுக்கள் மடிந்தபோது

சிங்கப்பூரின் ஒன் நார்த் வட்டாரத்திலுள்ள எங்கள் ஆய்வகத்தில், ஒளி பட்டால் இறுகும் பிசினால் முப்பரிமாண முறையில் அச்சிட்ட சட்டத்தை வைத்த கிண்ணங்களில் மட்டும் உயிரணுக்கள் மறுநாளே உருண்டு கழன்று மிதந்தன. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவும் நேரத்தைக் கூட்டியும், 70 விழுக்காடு எத்தனாலில் நனைத்தும் பலனில்லை; எத்தனால் கிருமியைக் கொல்லுமே தவிர, பிசினில் இறுகாமல் எஞ்சி உயிரணுக்களைக் கொல்லும் மோனோமர் என்ற சிறு மூலக்கூறுகளை முழுதாக வெளியேற்றிவிடாது.

கெட்டியாகத் தெரிந்த அந்தப் பாகம் கையுறையில் இலேசாக ஒட்டியதுதான் துப்பு. காற்றிலுள்ள ஆக்சிஜன் இந்த அக்ரிலேட் வகைப் பிசினின் மேற்படலத்தை இறுகவிடாமல் தடுக்கிறது. எனவே, உள்துளைகளில் ஊசிக்குழாயால் ஆல்கஹாலைப் பாய்ச்சி உலர்த்தியபின், பாகத்தைக் காற்று படாதபடி கண்ணாடிக் குவளை நீரில் மூழ்கடித்து, பிசினை இறுக்கும் 405 நானோமீட்டர் ஊதா ஒளியில் திருப்பித் திருப்பிக் காட்டினேன். பிறகு 37 டிகிரி செல்சியஸில், எஞ்சிய மோனோமர் வெளியேற, தினமும் நீரை மாற்றி ஊறவைத்தேன். பாகம் ஊறிய வளர்ப்பு ஊடகத்தை (உயிரணுக்களை வளர்க்கும் திரவத்தை) முதலில் தனியே உயிரணுக்களுக்குக் கொடுத்துச் சோதித்தபோது உயிரணுக்கள் பரவி ஒட்டின, நிம்மதி. பிசினை மாற்றினால் இச்சோதனையை மீண்டும் செய்ய வேண்டும்.